நோகாத இடுப்பு

ஒருவருக்கு இரண்டு இடுப்பு மூட்டுகளிலும் ஒரே நோய். ஒன்று நோகிறது. மற்றது நோகவில்லை. நோகும் மூட்டைத் துளைத்துச் சிகிச்சை செய்யலாம் என்று வைத்தியர் சொல்கிறார். அதில் பெரிதாகத் தர்க்கிக்க ஒன்றுமில்லை. பிறகு, மற்றதையும் அதே நாளில், அதே மயக்கத்தில் செய்துவிடலாமா என்று கேட்கிறார். நோகாத எலும்பைத் துளைப்பது சரியா? இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்வியைப் பற்றியது. மருத்துவக் கேள்விபோலத் தெரிந்தாலும் இதற்கான விடை முழுவதும் மருத்துவத்துக்குள் இல்லை என்பது என் எண்ணம்.

கேள்வியை ஒரு வீட்டுக்குள் வைத்துப் பார்ப்போம். வீடு கற்பனை. ஆனால் இதை வாசிப்பவர்களில் பலர் அந்த வீட்டை அடையாளம் காண்பார்கள். ஸ்காபரோவில் தொடங்கி, ஏஜாக்ஸ், விட்பி என்று கிழக்கே நகர்ந்த எங்கள் சனம் இப்போது கோ ரயில் பாதை முடியும் ஒஷாவா வரை வந்துவிட்டது. அங்கே ஒரு தாய், வயது 46. வெயர்ஹவுஸ் ஒன்றில் இரவு வேலை. சில ஆண்டுகளுக்கு முன்னர் லூபஸ் நோய் அவருடைய சிறுநீரகத்தைத் தாக்கியது. அதிக அளவு ஸ்டீரோய்ட் கொடுத்துக் காப்பாற்றினார்கள். மகனுக்கு வயது 20, ஒன்ராறியோ ரெக் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். வைத்தியரிடம் அம்மாவைக் கூட்டிப்போவது அவன். வைத்தியர் சொல்வதைத் தமிழில் சொல்வதும் அவன்தான்.

முதலில் நோய். தொடை எலும்பின் உச்சியில் பந்துபோல ஒரு தலை இருக்கிறது. உடலின் பாரம் காலுக்கு இறங்குவது அதன் வழியாக. அதற்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் மெல்லியவை. ஒன்று அடைபட்டால் மாற்றுப் பாதை அதிகம் இல்லை. எலும்பு மச்சை ஒரு மூடிய பெட்டிக்குள் இருப்பதுபோல இருப்பதால், உள்ளே வீக்கம் வந்தால் அழுத்தம் கூடி, வரும் கொஞ்ச இரத்தத்தையும் நெரிக்கும். அந்தப் பகுதி உயிரிழக்கும். விழுந்து எலும்பு முறிந்தாலோ மூட்டு விலகினாலோ இது வரலாம். அடி எதுவும் படாதவர்களுக்கு வருவதில் ஸ்டீரோய்டும் அதிகக் குடியும் முதன்மைக் காரணங்கள். ஸ்டீரோய்டால் வரும்போது பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரண்டு பக்கமும் வருகிறது.

மருந்தே நோயைக் கொண்டுவந்ததா என்று மகன் கேட்கக்கூடும். ஆம். ஆனால் அதில் குற்றவாளி இல்லை. 2003இல் சார்ஸ் வந்தபோது கனடாவில் 44 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் ரொறன்ரோப் பகுதியில். அந்த நோய்க்கு மருந்து எதுவென்று யாருக்கும் தெரியாத நிலையில் பல நாடுகளில் ஸ்டீரோய்ட் கொடுத்தார்கள். பிறகு ஹொங்கொங்கில், அப்படிச் சிகிச்சை பெற்ற 254 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில் 12 பேருக்கு இடுப்பிலோ முழங்காலிலோ எலும்பு உயிரிழந்திருந்தது. மொத்தமாக 3 கிராமுக்குக் குறைவாக மருந்து பெற்றவர்களில் ஆபத்து 100க்கு ஒன்றுக்கும் கீழ். அதற்கு மேல் பெற்றவர்களில் 100க்கு 13. கோவிட் காலத்தில் மும்பையின் ஹிந்துஜா மருத்துவமனை 2021இல் மூன்று பேரைப் பற்றி எழுதியது. அவர்கள் பெற்ற மருந்து சராசரியாக 758 மில்லிகிராம் மட்டுமே. பாதுகாப்பான அளவு என்று ஒரு கோட்டை எல்லோருக்குமாகக் கீறிவிட முடியவில்லை. எங்கள் ஒஷாவாத் தாய்க்கு மருந்து கொடுத்தவர்கள் அவருடைய சிறுநீரகத்தையும் உயிரையும் பார்த்துக் கொடுத்தார்கள். தீங்கு நடந்தது, தவறு நடக்கவில்லை. இரண்டும் வேறு வேறு என்பதை ஏற்பது கஷ்டம். ஆனால் ஏற்காமல் அடுத்த முடிவை நிதானமாக எடுக்க முடியாது.

இந்த நோயைத் தமிழில் எப்படிச் சொல்வது? மகன் பெரும்பாலும் 'எலும்பு செத்துப்போச்சு' என்றுதான் சொல்வான். அது பொய்யல்ல. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்கும் தாய்க்கு அழுகல், புற்றுநோய், கால் எடுத்தல் என்று எல்லாம் வரும். எங்களிடம் இதைவிடப் பொருத்தமான சொல் இருக்கிறது. மரம் பட்டுப்போகிறது. பட்ட மரம் உடனே விழுவதில்லை. இலை உதிர்ந்த பிறகும் அதே உயரத்தில், அதே வடிவில், பல காலம் நிற்கும். தொடை எலும்பின் தலையும் அப்படித்தான். உயிரிழந்த எலும்பு முதலில் தன் வடிவத்தையும் பலத்தையும் வைத்திருக்கிறது. சுற்றியுள்ள உயிருள்ள எலும்பு அதைப் புதுப்பிக்க முனையும்போதுதான் சிக்கல். பழையதை அரித்தெடுக்கும் வேலை வேகமாகவும் புதியதைக் கட்டும் வேலை மெதுவாகவும் நடக்க, நடுவில் ஒரு பலவீனமான காலம் வருகிறது. அந்தக் காலத்தில் பாரம் தாங்காமல், குருத்தெலும்புக்குக் கீழே வெடிப்பு விழுந்து, பந்து தட்டையாகிறது.

நோவு வரும் இடமும் ஆளைக் குழப்பும். இந்த மூட்டின் நோவு பெரும்பாலும் கவட்டில் வரும்; தொடையிலும் முழங்காலிலும்கூட வரும். தமிழில் இடுப்பு என்றால் சேலையைச் செருகும் இடமும் இடுப்புத்தான், குழந்தையைத் தூக்கி வைக்கும் இடமும் இடுப்புத்தான். யாழ்ப்பாணத்தில் நாரி என்போம். 'இடுப்பு நோகுது' என்று ஒரு தாய் நாரியைக் காட்டினால் வைத்தியர் முள்ளந்தண்டைப் பார்ப்பார். கவட்டில் நோகிறது என்று மகனுக்கு முன்னால் சொல்ல எத்தனை தாய்மார் கூச்சப்பட மாட்டார்கள்? நோய் தொடக்கத்தில் பிடிபடாமல் போவதற்கு இதுவும் ஒரு வழி. இதை வாசிப்பவர்களில் நீண்டகாலம் ஸ்டீரோய்ட் எடுத்த யாருக்கேனும் கவட்டில் நோவு இருந்தால், அதை நாரி நோவென்று விட்டுவிடாமல், அந்த மருந்தின் பெயரையும் சேர்த்து வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

*

இனிச் சிகிச்சை. இதன் தொடக்கக் கதை எங்கள் கேள்விக்கு நேரடியாக உதவுகிறது. 1960களில் பிரான்சின் துலூஸ் நகரில் ஆர்லே, ஃபிக்கா என்ற இரண்டு வைத்தியர்கள், காரணம் விளங்காத இடுப்பு நோவுள்ளவர்களின் தொடை எலும்புத் தலைக்குள் ஒரு துளையிட்டு, உள்ளிருக்கும் அழுத்தத்தை அளந்து, ஒரு துண்டு எலும்பை எடுத்துச் சோதித்தார்கள். எம்.ஆர்.ஐ. இல்லாத காலம். உள்ளே என்ன நடக்கிறதென்று பார்க்க வேறு வழி இருக்கவில்லை. ஆனால் துளையிட்ட சிலருக்கு நோவு குறைந்தது. அழுத்தம் இறங்கியதும் இரத்தம் போக வழி கிடைத்ததும் காரணமாக இருக்கலாம் என்று கருதினார்கள். பார்ப்பதற்காக இட்ட துளை அப்படியே வைத்தியமாக மாறியது.

இன்று அந்தத் துளை மிகச் சிறிய வெட்டின் வழியாக இடப்படுகிறது. தொடையின் வெளிப்பக்கத்தில் ஒரு விரலகலத்துக்கும் குறைவான வெட்டு. அதன் வழியே மெல்லிய கம்பி ஒன்று எலும்பின் கழுத்தினூடாக மேல்நோக்கித் தலைக்குள் செலுத்தப்படும். வைத்தியர் பார்ப்பது வெட்டை அல்ல, பக்கத்திலுள்ள திரையை. வளைந்த கையுள்ள எக்ஸ்ரே இயந்திரம் கம்பியின் நுனியை நிழலாகக் காட்டும். ஒரு திசை நிழல் போதாது. முன்னிருந்து பார்க்கும்போது சரியான இடத்தில் இருப்பதுபோலத் தெரியும் நுனி, பக்கத்திலிருந்து பார்த்தால் எலும்புக்கு வெளியே இருக்கலாம். ஆகவே இரண்டு திசையிலும் எடுத்துப் பார்த்து, மேலேயுள்ள குருத்தெலும்பைக் குத்தாமல், பட்டுப்போன பகுதிக்குள் போனதும் நிறுத்த வேண்டும். பின்பு அந்தக் கம்பியின் மேலாக அகலமான துளை, அல்லது பல சிறு துளைகள். சில இடங்களில் நோயாளியின் இடுப்புக்கட்டு எலும்பிலிருந்து எடுத்த மச்சையைச் செறிவாக்கி அதே வழியால் உள்ளே செலுத்துகிறார்கள். பெரிய சத்திரசிகிச்சை என்று சொல்ல முடியாது. ஆனால் பிறகு ஆறு கிழமை அளவுக்கு ஊன்றுகோல் வேண்டும். துளையிட்ட எலும்பு பலம்பெற நேரம் எடுக்கும். அரிதாக அந்த இடத்தில் முறிவதும் உண்டு.

இதற்கு ஒரு காலக்கெடு இருக்கிறது. பந்து உருண்டையாக இருக்கும்வரைதான் துளையால் பெரிய பயன். தட்டையான பிறகு எஞ்சுவது பெரும்பாலும் மூட்டு மாற்றுத்தான். ஒஷாவா கார் செய்து வளர்ந்த ஊர். மக்லொக்லின் குடும்பம் 1907இல் கார் செய்யத் தொடங்கியது; 1918இல் அது ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தின் கனடாக் கிளையானது. பழுதான பாகத்தைக் கழற்றிப் புதியதைப் பூட்டுவது அந்த ஊருக்கு இயல்பான எண்ணம். இடுப்பு மூட்டு மாற்று மிக நல்ல சிகிச்சை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் உலோக மூட்டுக்கும் ஆயுள் உண்டு. 2019இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பின்படி 25 ஆண்டுகள் தாக்குப்பிடிப்பவை 100க்கு 58 அளவில். 46 வயதில் பூட்டினால் 71 வயதில் இன்னொரு சத்திரசிகிச்சை வரக்கூடும். இரண்டாவது முறை முதலாவதைவிடக் கடினம். ஆகவே சொந்த எலும்பைக் கொஞ்சக் காலமாவது காப்பாற்றுவதற்கு மதிப்பிருக்கிறது.

*

இனி நோகாத பக்கத்துக்கு வருவோம். இடது இடுப்பு நோகிறது என்று எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், அந்தப் படத்தில் வலதும் சேர்ந்து வந்தது. அதிலும் பட்டுப்போன பகுதி ஒன்று தெரிகிறது. இந்தத் தகவலை அந்தத் தாய் கேட்கவில்லை. அது தானாக வந்தது. முந்தைய தலைமுறைகளுக்கு இப்படியொரு நிலை இருக்கவில்லை. நோய் முதலில் உடலில் பேசும். பிறகுதான் வைத்தியரிடம் போவார்கள். இப்போது படம் முதலில் பேசுகிறது. உடல் இன்னும் வாய் திறக்கவில்லை.

படம் சொல்வது எவ்வளவு உறுதியானது? 2010இல் ஓர் ஆய்வுத் தொகுப்பு, இப்படி நோவில்லாமல் கண்டுபிடிக்கப்பட்டு எந்தச் சிகிச்சையும் செய்யாமல் விடப்பட்ட 664 இடுப்புகளைக் கணக்கெடுத்தது. அவற்றில் 394இல், அதாவது 100க்கு 59இல், பிறகு நோவு வந்தது அல்லது எலும்பு இடிந்தது. மற்ற 41இல் அப்படி நடக்கவில்லை. சராசரிக்குள்ளும் வேறுபாடு உண்டு. பட்டுப்போன பகுதி சிறியதாகவும் உட்பக்கமாகவும் இருந்தால் இடிவது மிக அரிது. பெரியதாகவும் பாரம் தாங்கும் இடத்திலும் இருந்தால் ஆபத்து அதிகம். அரிவாள் செல் நோயுள்ளவர்களில் நிலைமை மோசம். லூபஸ் உள்ளவர்களில் ஓரளவு பரவாயில்லை.

துளையின் பயனும் அப்படியொரு கணக்குத்தான். 2006இல் வெளியான சிறிய அமெரிக்க ஆய்வொன்றில், அரிவாள் செல் நோயால் இடுப்பெலும்பு பட்டுப்போனவர்களைச் சீட்டுக் குலுக்குவதுபோல இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்குத் துளையும் உடற்பயிற்சியும், மற்றவர்களுக்கு உடற்பயிற்சி மட்டும். ஏறக்குறைய மூன்று ஆண்டுகளுக்குப் பின் மேற்கொண்டு சத்திரசிகிச்சை தேவைப்படாத இடுப்புகள் முதற்பகுதியில் 100க்கு 82, மற்றதில் 86. துளை வென்றதாகச் சொல்ல முடியாது. இதற்கு எதிர்ப்பக்கத்தில், பாரிஸை ஒட்டிய கிரெத்தேயில் எர்னிகு என்ற வைத்தியரின் குழு 2018இல் வெளியிட்டது. இரண்டு இடுப்பும் பட்டுப்போன 125 பேரில், ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் வெறும் துளை, மறுபக்கம் துளையோடு மச்சை. சராசரியாக 25 ஆண்டுகளுக்குப் பிறகு வெறும் துளையிட்ட பக்கத்தில் 90 இடுப்புகள் இடிந்திருந்தன. மச்சை வைத்த பக்கத்தில் 35. ஒரே ஆள், ஒரே நோய், ஒரே நடை, ஆனால் இரண்டு கால்களுக்கு இரண்டு கதி. நம்பிக்கை தரும் எண்கள்தான். என்றாலும் அது ஒரே குழுவின் அனுபவம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு, துளைக்க வேண்டும் என்பவர்களின் வாதத்தைக் கேட்போம். அது பலமான வாதம். நோவு வரும்வரை காத்திருப்பது பல வேளைகளில் இடிவு வரும்வரை காத்திருப்பதாக முடியும். வெடிப்பு விழும்போதுதான் சிலருக்கு முதல் நோவே வருகிறது. அப்போது துளைக்கு நேரம் தப்பிவிட்டது. இன்னொன்றும் உண்டு. இடது காலுக்குச் சிகிச்சை செய்து ஊன்றுகோலோடு ஆறு கிழமை நடக்கும்போது, இடது காலின் பாரத்தையும் சேர்த்துச் சுமப்பது எந்தக் கால்? ஏற்கெனவே பட்டுப்போயிருக்கும் அந்த நோகாத வலது கால்தான்.

மறுபக்க வாதமும் இலேசானதல்ல. நோவில்லாத 100 பேரைத் துளைத்தால், அவர்களில் ஏறக்குறைய 40 பேருக்கு அது தேவையே இல்லாத துளை. மற்றவர்களிலும் எல்லோரையும் துளை காப்பாற்றாது. இரண்டு பக்கமும் ஒரே நாளில் துளைத்தால் ஊன்றிக்கொள்ள நல்ல காலென்று ஒன்றில்லை. எல்லாவற்றையும்விட ஆழமான ஒரு தயக்கம் இருக்கிறது. நோய் தானாகக் கெடுத்தால் அது ஒன்று. நன்றாக நடந்துகொண்டிருந்தவரை ஒரு கை துளைத்து, அந்த இடத்தில் எலும்பு முறிந்தால் அது வேறொன்று. விதி செய்ததையும் கை செய்ததையும் எங்கள் மனம் ஒரே தராசில் வைப்பதில்லை.

அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதை அளவுக்கு மிஞ்சி நம்பவும் கூடாது. படத்தைப் பார்த்த பிறகு ஒன்றும் செய்யாமல் விடுவதும் ஒரு முடிவுதான். அதன் விளைவுக்கும் பொறுப்பு உண்டு. தமிழில் இரண்டு சொற்கள் அருகருகே இருக்கின்றன: பாராமல் விடுதல், பார்த்திருத்தல். முதலாவது கைவிடுதல். இரண்டாவது கண் வைத்துக் காத்திருத்தல்; குறிப்பிட்ட மாதங்களுக்கு ஒருமுறை படம் எடுத்து, கவட்டில் சிறு நோவு வந்தாலும் உடனே போய்க் காட்டி, மாறுதல் தெரிந்தால் முடிவை மாற்றத் தயாராக இருத்தல். நோகாத இடுப்பைத் துளைக்காமல் விடுவது பார்த்திருத்தலாக இருந்தால் அதில் குறையில்லை. பாராமல் விடுதலாக இருந்தால், அதை உடலின்மேல் வைத்த மரியாதை என்று சொல்லிக்கொள்வது சாட்டு.

*

ஆகவே துளைப்பதும் சரியாகலாம், காத்திருப்பதும் சரியாகலாம். இந்த இடத்தில் முடிவை எடுப்பவர் யார் என்ற கேள்விதான் பாரமாகிறது. ஒன்ராறியோவின் 1996ஆம் ஆண்டு மருத்துவச் சம்மதச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. சிகிச்சை என்ன, பயன் என்ன, ஆபத்து என்ன, வேறு வழிகள் என்ன, செய்யாவிட்டால் என்ன நடக்கக்கூடும் என்பவற்றை நோயாளிக்குச் சொன்ன பிறகு அவர் தருவதுதான் சம்மதம். கடைசி அம்சத்தைக் கவனியுங்கள். செய்யாவிட்டால் என்ன என்பதைச் சொல்லாமல் வாங்கிய கையெழுத்து முழுச் சம்மதம் ஆகாது.

ஆனால் அந்த ஒஷாவா வீட்டில் அந்தத் தகவல் ஒரு 20 வயதுப் பிள்ளையின் வாய் வழியாகத்தான் போகிறது. வைத்தியர் ஆங்கிலத்தில் சொன்னது 'இடியலாம்'. மகன் பயந்திருந்தால் அது தமிழில் 'இடியும்' ஆகிறது. அம்மா பயப்படக் கூடாது என்று நினைத்தால் 'ஒண்டுமில்லை அம்மா, சின்ன ஓட்டைதான்' ஆகிறது. இரண்டிலும் அன்பு இருக்கிறது. இரண்டிலும் காணாமல் போவது அந்த 'லாம்'. 'இடியும்' என்று கேட்ட தாய் உடனே சம்மதிப்பார். 'ஒண்டுமில்லை' என்று கேட்ட தாயும் சம்மதிப்பார். இருவரும் தங்களுக்குத் தெரியாத ஒன்றுக்குச் சம்மதிக்கிறார்கள். 59க்கும் 41க்கும் இடையில் நிற்கும் ஒருவருக்கு அந்த 'லாம்' என்பதே முழுத் தகவல். அதை எடுத்துவிட்டால் எஞ்சுவது கட்டளை.

இதைத் தமிழின் குறை என்று சொல்ல முடியாது. மானிப்பாயில் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர் 19ஆம் நூற்றாண்டில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 'இரணவைத்தியம்' என்ற சத்திரசிகிச்சை நூல் 1867இல் தமிழில் வந்துவிட்டது. ஒஷாவாவில் வளர்ந்த பிள்ளைக்கு வீட்டுத் தமிழ் இருக்கிறது. நிச்சயமின்மையைச் சொல்லும் தமிழை யாரும் அவனுக்குப் பழக்கவில்லை. அதற்காக அவனைக் குறை சொல்லவும் முடியாது.

இன்னொரு காரணத்துக்காகவும் பிள்ளையை மொழிபெயர்ப்பாளர் ஆக்கக் கூடாது. எம்.ஆர்.ஐ. எடுக்குமுன் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அந்த இயந்திரம் மிகப் பலமான காந்தம் என்பதால், உடலில் எங்கேனும் உலோகத் துண்டு, குண்டுச் சிதறல் இருக்கிறதா என்று அதில் கேட்பார்கள். வேறு பலருக்கு அது 'இல்லை' என்று புள்ளடி போட்டுக் கடந்துபோகும் வரி. வன்னியிலிருந்து வந்த ஒருவருக்கு அப்படியல்ல. 2009இல் முள்ளிவாய்க்காலில் பட்ட ஷெல் துண்டு ஒன்று இன்னும் தோளுக்குள் இருக்கிறது என்பதை ஒரு தாய் பிள்ளைக்குச் சொல்லாமலே வளர்த்திருக்கலாம். அந்தப் படிவத்தை மகன் வாசித்துக் கேட்கும்போது அவர் என்ன சொல்வார்? 'இல்லை' என்றால் அவருக்கு ஆபத்து. 'ஓம்' என்றால், இத்தனை ஆண்டு காத்த மௌனத்தை ஒரு மருத்துவமனைக் கதிரையில் உடைக்க வேண்டும். அந்தப் பதிலைக் கேட்க வேண்டியவர் எம்.ஆர்.ஐ. எடுப்பவர். எக்ஸ்ரே எடுத்துத் துண்டு எங்கே இருக்கிறதென்று பார்த்து, ஆபத்து உண்டா என்று சொல்ல அவர்களால் முடியும். மகனுக்கு எப்போது, எப்படிச் சொல்வது என்பது தாயின் உரிமை. வேறொரு மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறுவது பிள்ளையை நம்பாததாக ஆகாது. தாய்க்கும் பிள்ளைக்கும் அது பாதுகாப்பு.

இதற்கு ஒரு மறுப்பு வரும். எங்கள் வீடுகளில் முடிவு தனியாள் எடுப்பதில்லை, குடும்பம் சேர்ந்து எடுப்பது. உடல் அவருடையது என்ற பேச்சு இந்த நாட்டுப் பேச்சு என்பார்கள். நான் குடும்பத்தை வெளியே அனுப்பச் சொல்லவில்லை. திருக்குறளின் மருந்து அதிகாரமே மருத்துவத்தின் நான்கு பகுதிகளில் ஒன்றாக, நோயாளியின் அருகில் நின்று வேண்டியதைச் செய்பவரை எண்ணுகிறது. ஆனால் அங்கேயும் நோயாளி தனியாக எண்ணப்படுகிறார். அருகில் நிற்பவர் அவருக்குப் பதிலாக எண்ணப்படவில்லை. ஆறு கிழமைக்குச் சாப்பாடு கொடுப்பது, மருந்து வாங்குவது, படியில் தோள் கொடுப்பது, அடுத்த படத்துக்கான திகதியை மறவாமல் வைத்திருப்பது எல்லாம் மகனின் பங்கு. அம்மாவின் பயத்தை அவருக்காக முடிவு செய்வது அந்தப் பங்கில் சேராது.

முடிவெடுக்கும் தாய்க்குத் தன் வாழ்க்கையைப் பற்றி எம்.ஆர்.ஐ.க்குத் தெரியாத பல விடயங்கள் தெரியும். சத்திரசிகிச்சைக்கு ஓஹிப் காசு கொடுக்கும். ஆறு கிழமைச் சம்பளத்தை ஓஹிப் கொடுக்காது. வேலைக் காப்புறுதியின் நோய்க்காலக் கொடுப்பனவு 26 கிழமை வரை கிடைக்கும். ஆனால் பொதுவாக 600 மணித்தியாலம் காப்புறுதியுள்ள வேலை செய்திருக்க வேண்டும், கிடைப்பதும் சம்பளத்தில் 55 வீதம். வீட்டுக் கடன் 55 வீதமாகக் குறையாது. இரண்டு காலும் ஒன்றாகப் படுத்துவிட்டால் குளியலறை மேல்மாடியில் இருக்கும் வீட்டில் எப்படி இருப்பது என்பதும் ஒரு கேள்வி. ஒரே தடவையில் முடித்துவிடுவோம், இரண்டு முறை லீவு எடுக்க முடியாது என்று ஒருவர் சொல்லலாம். அடுத்த ஆண்டு மகன் படிப்பை முடிக்கட்டும், அதுவரை பார்த்திருப்போம் என்று இன்னொருவர் சொல்லலாம். ஒரே படத்துக்கு இரண்டு நல்ல பதில்கள். இவற்றை மருத்துவத்துக்கு வெளியே உள்ள சில்லறை விடயங்கள் என்று தள்ளுபவர்கள், அந்த எலும்பு எதற்காகக் காப்பாற்றப்படுகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

என் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். பட்டுப்போன பகுதி சிறியதென்றால், நோகாத இடுப்பை விட்டுவைத்துக் கண் வைத்திருப்பதே நியாயம் என்று நினைக்கிறேன். பெரியது, பாரம் தாங்கும் இடத்தில் இருக்கிறது, எலும்பு இன்னும் உருண்டை என்றால் துளைப்பதை நியாயப்படுத்தலாம். இரண்டுக்கும் நடுவில் பெரிய வெளி இருக்கிறது. பெரும்பாலானோர் நிற்பது அங்கேதான். அந்த வெளியில் படத்துக்கு வாக்கு இல்லை. தான் உணராத ஒரு நோய்க்காகச் சத்திரசிகிச்சைக்குப் போயே ஆக வேண்டும் என்ற கடமை யாருக்கும் இல்லை. கடமை பார்த்தவர்களுக்குத்தான் இருக்கிறது: கண்டதைச் சொல்ல வேண்டும், கண்டதன் எல்லையையும் சொல்ல வேண்டும், கேட்பவருடைய மொழியில் சொல்ல வேண்டும்.

இந்த நோய் எல்லோருக்கும் வரப்போவதில்லை. ஆனால் இந்த நிலை எங்கள் தலைமுறைகளில் பலருக்கு வரும். இரத்தச் சோதனையில் ஓர் எண், மார்பகப் படத்தில் ஒரு புள்ளி, மரபணுவில் ஓர் எழுத்து என்று, நோகாத ஒன்றைப் பற்றிய செய்தி வீட்டுக்கு வரும். அன்று பக்கத்துக் கதிரையில் இருக்கப்போவது பெரும்பாலும் ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளைக்கு நாங்கள் இப்போதே சொல்லிவைக்கக்கூடிய உதவி ஒன்றுண்டு: வைத்தியர் 'லாம்' என்று சொன்னால் நீயும் 'லாம்' என்றே சொல். அதற்குப் பிறகு அம்மாவுக்கு யோசிக்க நேரம் கொடு.